தொடாமல் நாற்பது நிமிடம்

டைமரை நாற்பதுக்குத் திருகி வைத்துவிட்டுத் துளசிமணி தன் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டாள். நாற்பது நிமிடம் கை அங்கேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள், சும்மா உட்கார்ந்திருப்பது ஒரு வேலையா என்று, ஆனால் சும்மா உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். மேஜை மேல் நீல பிளாஸ்டிக் தொட்டி, தொட்டிக்குள் மடித்த துண்டு, துண்டின் மேல் இருபத்து நான்காம் நம்பர் எலி, வெள்ளை உடம்பு, சிவப்புக் கண், பிடரியில் சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு செருகி, அதிலிருந்து கிளம்பும் மெல்லிய வயர், வயரின் மறு முனையில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் ‘ஏ’ என்று எழுதியிருந்தது. ஏ பெட்டியில் கரண்ட் வருகிறதா, பி பெட்டியில் வருகிறதா என்பது டாக்டர் ஹெப்சிபாவுக்கும் அவருடைய பீரோவில் ஒட்டி வைத்த கவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். எலிகளைப் பார்த்துக்கொள்கிற டெக்னீஷியனுக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும், மனசு சாய்ந்தால் கணக்கும் சாயும் என்று டாக்டர் முதல் நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மூன்றாம் நாளே துளசிமணிக்குத் தெரிந்துவிட்டது. ஏ பெட்டியை மாட்டினால் எலியின் தொண்டை லேசாகத் துடிக்கும், விக்கல் வரப் போகிற மாதிரி. பி பெட்டியை மாட்டினால் ஒன்றும் ஆகாது, எலி பாட்டுக்குச் சுருண்டு தூங்கும். இதைக் கண்டுபிடிக்க மருத்துவக் கல்லூரியில் படித்திருக்க வேண்டியதில்லை, கண் இருந்தால் போதும். பதினெட்டு வருஷம் எலிக்கூண்டுகளுக்கு நடுவில் இருந்தவளுக்குக் கண் இல்லாமல் போகுமா. அப்போது அவளுக்கு அது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, யாரிடமும் சொல்லாத பெருமை. இப்போது அந்தத் தொண்டை துடித்தது. டைமர் முப்பத்தெட்டைக் காட்டியது.

கரண்ட் பட்ட பயத்தில்தான் துடிக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள். மூளையிலிருந்து புறப்பட்டுக் கழுத்து வழியாக இறங்கி நெஞ்சைத் தாண்டி வயிறு வரைக்கும் போகிற ஒரு நரம்பு இருக்கிறது, வேகஸ் என்று பெயர், வயிற்றைப் பிசையச் சொல்லி உத்தரவு கொடுப்பது அதுதான். சர்க்கரை வியாதி முற்றினால் அந்த நரம்பு சோர்ந்து போகும், வயிறு வாங்கின சோற்றை வைத்துக்கொண்டு அசையாமல் கிடக்கும், மேலேயும் வராது கீழேயும் போகாது, பிறகு மேலேதான் வரும். இந்த எலிகளுக்கும் அப்படித்தான், வாந்தி மட்டும் எலிக்கு வராது. ஊசி போட்டு இவற்றுக்குச் சர்க்கரையை வரவழைத்ததும் அவள்தான், அதை நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தாள். கழுத்து நரம்பைச் சுற்றி டாக்டர் நூல் மாதிரி ஒரு கம்பியைச் சுற்றித் தைத்திருக்கிறார், அதில் துளிக் கரண்டை விட்டுவிட்டுப் பாய்ச்சினால் நரம்பு விழித்துக்கொள்ளும், வயிறு அசையும், அசைந்ததா என்று பார்க்கத்தான் தீவனத்தோடு குழாய் வழியாகப் பத்துக் குட்டி மணிகளை உள்ளே விடுவது. நாற்பது நிமிடம் கழித்து எக்ஸ்ரே எடுத்தால் வயிற்றில் இன்னும் எத்தனை மணி தங்கியிருக்கிறது என்று வெள்ளையாகத் தெரியும். பி எலிகளுக்கு ஏழு எட்டு. ஏ எலிகளுக்கு இரண்டு மூன்று. இரண்டு மூன்று! முதல் தரம் ஏ எலியின் படத்தில் இரண்டே மணியைப் பார்த்தபோது துளசிமணி பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு வந்தாள். அந்த எலியின் தொண்டை துடித்தபோது பாவமாக இருந்ததால் அதன் முதுகில், செருகிக்குக் கீழே, இரண்டு விரலை வைத்திருந்தாள். அவ்வளவுதான். அப்படியே விரல் லேசாகத் தடவிற்று, வாய் தன்னால், “எறங்கீரும் கண்ணு, எறங்கீரும்” என்று சொல்லிற்று, நாற்பது நிமிடமும் சொல்லிற்று. அடுத்த ஏ எலிக்கும் அப்படி. அதற்கு அடுத்ததற்கும். பி எலிகள்தான் தூங்குகின்றனவே, அவற்றுக்கு எதற்குத் தடவல். சுவரில் ஒட்டிய விதிமுறைத் தாளில் ஒன்பதாவது வரி, கரண்ட் ஓடும் நேரத்தில் எலியைத் தொடக் கூடாது, அந்தத் தாளை ஒட்டியவளும் அவள்தான், நாலு மூலைக்கும் டேப் போட்டு. ஆனால் தொடுவது என்றால் தூக்குவது, பிடித்து அமுக்குவது, இடம் மாற்றுவது. இரண்டு விரலை வைப்பதெல்லாம் தொடுவதில் சேர்த்தியா என்று அவளுக்குள் ஒரு வக்கீல் கேட்டுக்கொண்டே இருந்தான், அவனுக்கு ஐந்து மாதமாக எதிர்க்கட்சி வக்கீலே இல்லை. இன்றைக்குக் காலையில்தான் ஒருவன் வந்து எதிரே நின்றான், அதுவும் பஸ்ஸில், டிக்கெட்டுக்குக் கையை நீட்டியபோது.

எலி மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தது. அவள் பக்கம்தான் பிடித்தது. இவளுடைய கைக்கு என்ன வாசனை இருக்கும், டெட்டால், தீவனத் தூள், காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னி. சட்னி என்றதும் இட்லி, இட்லி என்றதும் அவர். எங்கே போனாலும் சுற்றிக்கொண்டு அங்கேதான் வந்து நிற்கிறது மனசு, செக்கில் கட்டின மாடு மாதிரி. அவர், நாச்சிமுத்து, ஆவாரம்பாளையத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை, கோயம்புத்தூரில் பாதிக் கிணறுகளின் மோட்டார் அவர் சுற்றின காயிலில்தான் ஓடுகிறது என்று அவரே சொல்லிக்கொள்வார், யாரும் மறுத்ததில்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்குச் சந்தகை பிழிந்து தேங்காய்ப்பாலோடு வைத்தார்கள், மாப்பிள்ளை என்கிற கூச்சமே இல்லாமல், “இன்னும் கொஞ்சம் இருக்குங்ளா” என்று கேட்டார், சபையே சிரித்தது, அவள் அம்மாவுக்கு அந்த நிமிஷமே பிடித்துப் போனது, அவளுக்கும்தான். இப்படிக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற ஒரு மனுஷனோடு ஆயுசு முழுக்க இருக்கலாம் என்று பத்தொன்பது வயசில் தோன்றியது, இன்றைக்கு வரைக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. அரிசிம்பருப்பு சாதத்தை அவர் சாப்பிடுகிற அழகு இருக்கிறதே, நடுவில் குழி பறித்து நெய்யை விட்டுக் கரை உடையாமல் ஓரத்திலிருந்து எடுத்துக்கொண்டே வருவார், கடைசி வாயில்தான் அந்த நெய்க்குளம் உடையும். அந்தக் கடைசி வாயை அவள் பார்த்து இரண்டு வருஷமாகிறது. இப்போது மூன்று வாய், நான்கு வாய், பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவார். எழுபத்தெட்டுக் கிலோ இருந்தவர் ஐம்பத்தொன்று. பெல்ட்டில் புதுசாகத் துளை போட வெளியே போவதில்லை, கடையிலேயே சால்டரிங் அயர்னைக் காய வைத்து அவரே போட்டுக்கொள்கிறார், நாலாவது துளையும் போட்டாயிற்று, கருகின தோல் நாற்றத்தோடு வீட்டுக்கு வந்த அன்றைக்கு, “என்ற வயித்துல காயில் எரிஞ்சு போச்சு புள்ள, பிரிச்சுச் சுத்தறதுக்குத்தான் ஆளில்லை” என்று சிரித்தார். ஆள் இருக்கிறது என்று அவள் சொன்னாள். எங்கள் டாக்டரம்மா எலிக்குச் சுற்றுகிறார். “எத்தன சுத்து? எத்தன கேஜ் கம்பி?” என்று உடனே கேட்டார். அந்த ஒரு கேள்விக்காக அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. கட்டிக்கொள்ளவில்லை. ஏன் கட்டிக்கொள்ளவில்லை. அடுப்பில் ஏதோ இருந்தது போல.

இருபத்தாறு நிமிடம். எலி நகர்ந்து தொட்டியின் இந்த ஓரத்துக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு ஏ எலியும் நாளைக்கு ஒரு தரம், தொடர்ந்து பத்து நாள் இங்கே வரும், பத்தாம் நாள்தான் மணியும் படமும். அதனால் இந்த எலிக்கும் ஒன்பது நாள் பழக்கம் இருக்கிறது, விரல் எந்தப் பக்கமிருந்து வரும் என்று அதற்குத் தெரியும். துண்டில் முதுகைத் தாழ்த்தி, இதோ இங்கே, என்று இடம் காட்டுகிற மாதிரி படுத்தது. அடக் கடவுளே. அவள் கோத்த விரல்களை இன்னும் இறுக்கினாள். போன வெள்ளிக்கிழமை டாக்டர் இருபத்து மூன்று எலிகளின் கணக்கையும் போட்டுப் பார்த்துவிட்டு அறையிலிருந்து கிட்டத்தட்ட ஓடிவந்தார், ஐம்பத்தைந்து வயசில், சேலை தடுக்க. “துளசி, ரிசல்ட் பிரமாதமா வந்திருக்கு. இந்தக் கடைசி எலி முடிஞ்சதும் கமிட்டிக்குக் கொடுத்துடறேன். அடுத்தது மனுஷங்களுக்குத்தான். உங்க வீட்டுக்காரர் பேரை லிஸ்ட்ல முதல்ல எழுதறேன், சரியா?” என்றார். சரியா என்று கேட்டால் என்ன சொல்வது. அவள் டாக்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தப் பேர் இப்போது எழுதியாகிவிட்டதோ என்னவோ, ஒன்று, புள்ளி, நாச்சிமுத்து. அவர் கழுத்தைக் கீறுவார்கள், இடது பக்கம், மீசைக்கு நேர் கீழே மரு இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், நரம்பைத் தேடி எடுத்துக் கம்பியைச் சுற்றுவார்கள், தோளுக்குக் கீழே பெட்டியை வைத்துத் தைப்பார்கள், சர்க்கரை உடம்பு, புண் ஆறுமா. ஆறினாலும், அது வேலை செய்யவில்லை என்றால்? பதினோரு எலிக்கும் மணியைத் தள்ளியது கரண்ட் இல்லை, துளசிமணியின் இரண்டு விரல்தான் என்றால்? அப்படி இருக்காது. கரண்ட்தான். விரலா, வெறும் விரலா, பைத்தியக்காரி. ஆனால் தடவிக் கொடுத்தால் குழந்தைக்கு ஏப்பம் வருகிறதே. சரி, கரண்ட் பாதி, விரல் பாதி. பாதி இருந்தால் போதாதா, பாதி வயிறு சாப்பிட்டால் அவருக்குப் போதுமே. சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன. யார் பார்த்தார்கள். பி எலிகளையும் தடவியிருந்தால்கூடப் பரவாயில்லை, தடவல் இரண்டு பக்கமும் சமமாகப் போயிருக்கும், இவள் கரண்ட் எலிகளை மட்டும் பார்த்துப் பார்த்துத் தடவியிருக்கிறாள், பிழைக்க வேண்டிய எலி இதுதான் என்று தெரிந்து தடவியிருக்கிறாள். கவரை ஒட்டி வைத்து என்ன பிரயோஜனம். அவர் பேரைத்தான் அவள் ஒவ்வொரு எலியின் முதுகிலும் எழுதியிருக்கிறாள்.

இதையெல்லாம் ஐந்து மாதமாக நினைக்காதவளுக்கு இன்றைக்கு ஏன் நினைப்பு வந்தது என்றால், காலையில் நடந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. ஏழே முக்கால் இருக்கும், அவர் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார், தட்டில் இரண்டு இட்லி. இந்த ஒரு வருஷமாக அவர் சாப்பிட உட்கார்ந்தால் அவள் எதிரே உட்கார்ந்துவிடுவாள், எத்தனை வாய், எவ்வளவு நேரம், எப்போது முகம் மாறுகிறது என்று கண்ணெடுக்காமல் பார்ப்பாள். எதிரே, மேஜைக்கு அந்தப் பக்கம். தொட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்வதைப் போல என்றுகூடச் சொல்ல முடியாது, இங்கேயாவது கை நீளும். “எலியப் பாக்கற மாதிரி பாக்காத துளசி, எறங்கறதும் எறங்காமப் போகுது” என்று ஒரு தரம் கத்திவிட்டார், கத்தாத மனுஷன். அதிலிருந்து இருவரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதில்லை, சாப்பாட்டைப் பற்றிப் பேசாவிட்டால் பேச வேறு என்ன இருக்கிறது ஒரு வீட்டில். கடைக்குப் போன் செய்தால் ‘சாப்ட்டீங்ளா’ என்றுதான் வாய் ஆரம்பிக்கும், உலகத்துக்கெல்லாம் அது வணக்கம் சொல்கிற மாதிரி ஒரு வார்த்தை, அவர்களுக்கு மட்டும் அது குற்றப்பத்திரிகை ஆகிவிட்டது. இன்றைக்கு அவள் எதிரே உட்காரவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அவர் பின்னால் இருந்த ஜன்னல் கம்பியிலிருந்து பையை எடுக்கப் போனவள் அவர் தொண்டை ஒரு தரம் துடித்ததைப் பார்த்தாள். விக்கல் வரப் போகிற மாதிரி. கை தன்னால் போயிற்று. பிடரிக்குக் கீழே, சட்டைக் காலருக்கும் முதுகெலும்புக்கும் நடுவில், இரண்டு விரல். யோசித்து வைத்த விரல் இல்லை. எலும்பு இவ்வளவு வெளியே வந்துவிட்டதா என்றுதான் முதலில் தோன்றியது, இந்த முதுகை எப்போது கடைசியாகத் தொட்டோம் என்று இரண்டாவதாக. விரல் பழக்க தோஷத்தில் தடவிற்று, வாயும், “எறங்கீரும் கண்ணு” என்று சொல்லிற்று, சொன்ன பிறகுதான் அது எலிக்குச் சொல்கிற வார்த்தை என்று உறைத்தது. அவர் திரும்பவில்லை. ஒன்றரை இட்லி சாப்பிட்டார். நெஞ்சைப் பிடிக்கவில்லை. தண்ணீர் குடித்தார், குடித்துவிட்டு ஒன்று சொன்னார். அந்த ஒன்றைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மனசு அதன் கிட்டே போகும், தொடாமல் திரும்பி ஓடிவந்துவிடும். ஒன்றரை இட்லியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, நாளைக்கே வாந்தி எடுப்பார், இன்றைக்கு மத்தியானமே எடுத்தாலும் எடுப்பார், விரல் மருந்தாகி விடுமா, அதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் பஸ்ஸில் கையை நீட்டியபோது அந்த விரலில் அவர் முதுகின் சூடு இன்னும் இருந்தது.

பதினொன்று. பத்து. எலி இடம் காட்டிக் காட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் தானே வயர் போகிற அளவுக்கு வந்து தொட்டியின் விளிம்பில் முன்னங்கால்களை ஊன்றி நின்றது, மூக்கு அவளுடைய கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் துடித்தது. ஒரு சாண்தான். போன மாதம் வரைக்கும் இதற்குப் பேர் கூடாது, நம்பர்தான் என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவள், “வேண்டாஞ் சாமி, போ, போய்ப் படு” என்று கெஞ்சினாள். தொட்டுவிட்டால் இதுவும் இரண்டு மணி, மூன்று மணி என்று வரும், பன்னிரண்டாவது பொய்யும் மற்றப் பதினொன்றோடு அழகாகப் போய்ச் சேரும், டாக்டர் சாயங்காலமே அனுப்பிவிடுவார், வீட்டில் அவருக்கு ஒரு நம்பிக்கை கிடைக்கும், நம்பிக்கையில் ஒரு கிலோ ஏறினாலும் ஏறும். தொடாவிட்டால்? தொடாமலேயே இரண்டு மணி வந்துவிட்டால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, சந்தோஷமாக வாயை மூடிக்கொள்ளலாம். எட்டு மணி வந்தால்தானே சொல்ல வேண்டும். ஆக, படத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று அந்தப் பழைய வக்கீல் நைசாக ஆரம்பித்தான், அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது, அதனால்தான் அவளுக்குப் பயம் வந்தது. படம் எப்படி வந்தாலும் தன் மனசு அதற்கு ஒரு நியாயம் கண்டுபிடித்துவிடும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. இத்தனை ஆசை உள்ளவளிடம் யாராவது கணக்கைக் கொடுப்பார்களா. ஆசை என்றால் என்ன ஆசை, ஒரு மனுஷன் ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டு எழுந்திருக்க வேண்டும் என்கிற ஆசை, அதற்கு மேல் அவள் கேட்டது எதுவும் இல்லை. டைமர் ஆறைக் காட்டியபோது அவள் பதிவேட்டை இழுத்துப் பேனாவைத் திறந்தாள், கைக்கு ஒரு வேலை கிடைத்ததில் கைக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ‘ஏ என்றால் கரண்ட் என்று மூன்றாம் நாளே எனக்குத் தெரியும். ஏ எலிகளை, இன்றைய எலியைத் தவிர, தினமும் நாற்பது நிமிடமும் கையால் தடவிக்கொண்டிருந்தேன். இன்றைய எலியையும் ஒன்பது நாள் தடவினேன், இன்று தொடவில்லை. பி எலிகளைத் தொடவே இல்லை. படம் எடுக்கும் முன்னால் இதை எழுதுகிறேன்.’ கையெழுத்து, தேதி, மணி பத்து பதினாறு. மை காய்கிறவரைக்கும் ஊதினாள். இனி கிழித்தால் தெரியும், பக்க நம்பர் அச்சடித்த பதிவேடு.

டைமர் அடித்தது. டாக்டர் வந்தார், எலியைத் தூக்கிப் படத்துக்கு வைத்தார்கள், திரையில் சாம்பல் நிறத்தில் விலா எலும்புகள், அவற்றுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாக மணிகள். டாக்டர் பேனா முனையால் எண்ணினார், திரும்பவும் எண்ணினார். “ஏழு. என்ன துளசி, ஏழு இருக்கு?” துளசிமணி பதிவேட்டைத் திருப்பி அவர் முன்னால் நகர்த்தினாள். டாக்டர் நின்றுகொண்டே படித்தார், பிறகு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது துளசிமணிக்கு. “ஒரு எலியை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. கரண்ட் இல்லேன்னும் சொல்ல முடியாது, இருக்குன்னும் சொல்ல முடியாது. எல்லாத்தையும் முதல்லேருந்து பண்ணணும். நாலு பிரிவா. கரண்ட் மட்டும். கை மட்டும். ரெண்டும். ரெண்டும் இல்லாம” என்றார் கடைசியில். “வேற ஆள் வச்சுப் பண்ணணும், நீங்க இல்ல.” “சரிங்க மேடம்.” “இன்னும் எத்தனை எலி... எத்தனை மாசம்...” என்று ஆரம்பித்தவர், அந்த லிஸ்ட் ஞாபகம் வந்தோ என்னவோ அவளை நிமிர்ந்து பார்த்தார். “துளசி, உங்க வீட்டுக்காரர்...” “தெரியுங்க மேடம்” என்றாள். குரல் உடைந்தது, உடைந்தால் உடையட்டும் என்று விட்டாள். “எனக்கு அரை நாள் லீவு வேணுங்க.” டாக்டர் எதற்கு என்று கேட்கவில்லை, பதிவேட்டின் அந்தப் பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டுக்கொண்டிருந்தார்.

எலியைக் கூண்டில் விடும்போது அது அவள் உள்ளங்கையில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தது, இறங்கப் பிரியமில்லாமல். இனிப் பன்னிரண்டு, இருபத்து நான்கு, நாற்பத்தெட்டு எலிகளுக்கு ஊசி போட வேண்டும், யார் போட்டாலும் அந்தப் பாவமும் தன் கையில்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. கையைச் சோப்பு போட்டுக் கழுவினாள், நகக்கண் வரைக்கும் கழுவினாள். காலையில் அவர் தண்ணீர் குடித்துவிட்டுத் தம்ளரை வைத்தபடி, திரும்பாமல், கோபமே இல்லாமல், அதிசயப்பட்ட மாதிரி சொன்னது, ஓடி ஓடி ஒளிந்த அந்த வார்த்தை, குழாயடியில் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் முழுசாக வந்து நின்றது. “இந்தக் கை இத்தன நாளா எங்க புள்ள இருந்துச்சு?” வெளியே வேப்பமரத்தடிக்கு வந்து கடைக்குப் போன் போட்டாள். பின்னால் லேத் ஓடுகிற சத்தம், யாரோ ஸ்பேனரைக் கேட்கிற சத்தம், பிறகு அவர். “என்ன புள்ள, இந்நேரத்துல?” சாப்ட்டீங்ளா என்று வாய்க்கு வந்ததை அவள் முழுங்கினாள். “ஏனுங்க, பன்னெண்டு மணிக்கு டிபன் டப்பாவைத் தொறப்பீங்கல்ல?” “ஆமா, தொறந்து பாப்பேன், மூடி வெப்பேன். ஏன்?” இரண்டு வருஷமாகச் சாப்பிடுங்கள் சாப்பிடுங்கள் என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தவள், “நான் வாரேன். வர்ற வரைக்கும் சாப்பிடாதீங்க” என்றாள்.